கணிப்பொறி விடைகளை ஒத்துப்பார்க்கும் முறை

வாளையாறு, சித்தூர், கொல்லங்கோடு முதலிய பாலக்காட்டு எல்லைப் பகுதிகளிலும், மறையூர், மூணாறு, குமுளி முதலிய இடுக்கி எல்லைப் பகுதிகளிலும் மழையின் அளவு இடத்துக்கு இடம் பெரிதும் வேறுபடுகிறது. மூணாற்றில் பெருமழை பொழியும்போது, மலைக்கு அப்பால் மழைமறைவுப் பிரதேசத்தில் அமைந்துள்ள மறையூரில் சிறு தூறலோடு நின்றுவிடுவதும் உண்டு. பறம்பிக்குளம், முல்லைப்பெரியாறு, இடுக்கி ஆகிய நீர்த்தேக்கங்கள் இம்மலைகளில் விழும் மழையையே நம்பியிருக்கின்றன. ஆகவே, காலை 8.30 மணிக்கு மழைமானியைப் பார்த்துக் குறிக்கப்படும் ஒவ்வோர் எண்ணும் மதிப்புடையதாகும்.

இவ்வெண்கள் இன்று கைபேசியிலும், அலுவலகக் கணிப்பொறியிலும், வானிலை மையங்களின் மாபெரும் கணிப்பொறிகளிலும் கணக்கிடப்படுகின்றன. ஒரே நிரலை, ஒரே எண்களைக் கொடுத்து, இரு வேறு செயலிகளில் இயக்கினால் விடைகள் கடைசி இலக்கம்வரை ஒத்திருக்க வேண்டும் என்றே பலரும் எதிர்பார்ப்பர். ஆனால் அவ்வாறு ஒத்திருப்பது எப்போதும் நிகழ்வதில்லை. அங்ஙனம் வேறுபட்டால் இரண்டில் ஒன்று பிழையானது என்று கருதுவதும் சரியன்று. வேறுபாடு சிறியதுதானே என்று விட்டுவிடுவதும் சரியன்று. எந்த வேறுபாடு இயல்பானது, எந்த வேறுபாடு பிழையின் அடையாளம் என்று பிரித்தறியும் முறையை இங்குக் காண்போம்.

மிதவைப்புள்ளி எண் என்பது யாது?

கணிப்பொறி ஒரு பின்ன எண்ணை இரு பகுதிகளாகப் பிரித்து வைத்துக்கொள்கிறது. ஒரு பகுதியில் எண்ணின் முக்கிய இலக்கங்கள் இருக்கும்; மற்றொரு பகுதியில் புள்ளி எந்த இடத்தில் வரவேண்டும் என்னும் குறிப்பு இருக்கும். புள்ளி ஓரிடத்தில் நிலையாக நில்லாமல் தேவைக்கேற்ப நகர்வதால் இது மிதவைப்புள்ளி எண் எனப்படுகிறது. இம்முறையால் மிகப் பெரிய எண்களையும் மிகச் சிறிய எண்களையும் ஒரே அளவுள்ள இடத்தில் எழுத முடிகிறது. ஆயினும் முக்கிய இலக்கங்களின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு உண்டு. வரம்புக்கு மேற்பட்ட இலக்கங்கள் தோராயமாக்கப்படுகின்றன.

மேலும், கணிப்பொறி 0, 1 என்னும் இரு குறிகளைக் கொண்ட இரும எண்முறையையே கையாள்கிறது. மூன்றில் ஒரு பங்கைத் தசம முறையில் எழுதினால் 0.333 என்று முடிவின்றி நீள்வதைப் போல, பத்தில் ஒரு பங்கை இரும முறையில் எழுதினால் அதுவும் முடிவின்றி நீள்கிறது. எனவே, மழைமானியில் நாம் எளிதாகப் படிக்கும் 0.1 மில்லிமீட்டரைக் கணிப்பொறி மிகச் சரியாக எழுதிக்கொள்ளவே இயலாது. 64 இருமக் குறிகள் கொண்ட எண்ணில் அது 0.1-ஐவிட மிகமிகச் சிறிதளவு கூடுதலாகவே பதிவாகிறது.

இதன் விளைவு எளிதில் காணத்தக்கது. 0.1-ஐப் பத்து முறை ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டினால், 64 குறிகள் கொண்ட எண்முறையில் 0.9999999999999999 என்னும் விடை கிடைக்கிறது. 32 குறிகள் கொண்ட எண்முறையிலோ 1.0000001 என்னும் விடை வருகிறது. ஒன்று 1-க்குக் கீழே நிற்கிறது. மற்றொன்று 1-க்கு மேலே நிற்கிறது. இரண்டும் அவ்வவ்வெண்முறையின் விதிப்படி சரியாகக் கூட்டப்பட்டவையே. ஆனால், “மொத்தம் 1 மில்லிமீட்டர் ஆயிற்றா?” என்று நிரல் கேட்டால், ஒன்று “இல்லை” என்றும் மற்றொன்று “ஆம்” என்றும் கூறும்.

மூன்று இலக்கக் குறிப்பேடு

இதனை வகுப்பில் விளக்குவதற்குக் கணிப்பொறி தேவையில்லை. எந்த எண்ணையும் மூன்று முக்கிய இலக்கங்களுக்கு மேல் எழுதக் கூடாது என்னும் விதியுடைய ஒரு குறிப்பேட்டை மாணவர்களிடம் கொடுத்தால் போதும். 100 மில்லிமீட்டர் மழைக்குப்பின் 0.4 மில்லிமீட்டர் தூறல் மூன்று முறை விழுந்தது எனக் கொள்வோம். முதல் மாணவர் 100-உடன் 0.4-ஐக் கூட்டுகிறார். 100.4 என்பது நான்கு இலக்கமாதலால் 100 என்றே எழுதுகிறார். அடுத்த இரு தூறல்களும் அவ்வாறே மறைகின்றன. அவருடைய விடை 100. இரண்டாம் மாணவர் தூறல்களை முதலில் கூட்டி 1.2 என்று பெறுகிறார். பின்னர் 100-உடன் சேர்த்து 101.2 என்பதை 101 என எழுதுகிறார். இருவரும் விதியை மீறவில்லை. கூட்டிய வரிசை மட்டுமே வேறு.

மற்றோர் எடுத்துக்காட்டு: 1.23-ஐ 1.23-ஆல் பெருக்கி, அதிலிருந்து 1.51-ஐக் கழிக்க வேண்டும். பெருக்கியவுடன் கிடைக்கும் 1.5129-ஐ 1.51 எனச் சுருக்கி எழுதியபின் கழித்தால் விடை 0. பெருக்குத்தொகையைச் சுருக்காமல் வைத்திருந்து, கழித்தபின் மட்டும் சுருக்கினால் விடை 0.0029. ஒரே கணக்குக்கு ஒருவர் “ஒன்றுமில்லை” என்கிறார். மற்றொருவர் “ஏதோ இருக்கிறது” என்கிறார். ஏறத்தாழச் சமமான இரு எண்களைக் கழிக்கும்போது இத்தகைய வேறுபாடு பூதாகாரமாகத் தோன்றும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நீர்த்தேக்கத்தின் வரத்திலிருந்து வெளியேற்றத்தைக் கழித்து இருப்பின் மாற்றத்தைக் காண்பதும் இவ்வகைக் கணக்கேயாகும்.

செயலிகள் வேறுபடுவது ஏன்?

1980-ஆம் ஆண்டுக்கு முன்னர் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு மிதவைப்புள்ளி முறையை வைத்திருந்தது. இக்குழப்பத்தை நீக்கும்பொருட்டு ஐ.இ.இ.இ. 754 என்னும் தரம் 1985-இல் வெளியிடப்பட்டது. இதனை உருவாக்குவதில் முதன்மையான பங்கு வகித்தவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் கஹான் ஆவார். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகிய ஒவ்வொன்றின் விடையும் எவ்வாறு தோராயமாக்கப்பட வேண்டும் என்பதை இத்தரம் வரையறுத்தது. இன்றுள்ள செயலிகளில் மிகப் பெரும்பாலானவை இதனைப் பின்பற்றுகின்றன.

அவ்வாறாயினும் வேறுபாடு நீங்கிவிடவில்லை. அதற்கு நான்கு காரணங்களைக் குறிப்பிடலாம். முதலாவது, இன்டெல் நிறுவனத்தின் பழைய மிதவைப்புள்ளிச் செயலகங்கள் இடைநிலை விடைகளை 80 குறிகள் கொண்ட அகன்ற இடத்தில் வைத்துக்கொண்டு, நினைவகத்தில் எழுதும்போதுதான் 64 குறிகளாகச் சுருக்கின. இரண்டாவது, பெருக்கலையும் கூட்டலையும் இணைத்து ஒரே முறை தோராயமாக்கும் செயல் சில செயலிகளில் உண்டு. 64 குறிகள் கொண்ட ஆர்ம் செயலிகளில் இது தொடக்கத்திலிருந்தே உள்ளது. இன்டெல் செயலிகளில் 2013-இல் சேர்க்கப்பட்டது. மேலே கண்ட 0, 0.0029 என்னும் வேறுபாடு இவ்வகைப்பட்டதே. கைபேசிகள் பெரும்பாலும் ஆர்ம் செயலிகளைக் கொண்டவை. அலுவலகக் கணிப்பொறிகள் பெரும்பாலும் இன்டெல் அல்லது ஏ.எம்.டி. செயலிகளைக் கொண்டவை. ஆகவே ஒரே மழைக்கணக்கு நிரல் இரண்டிலும் கடைசி இலக்கத்தில் மாறுபடக்கூடும். மூன்றாவது, சைன், மடக்கை முதலிய சார்புகளின் விடை கடைசிக் குறிவரை ஒன்றாக இருக்க வேண்டும் என்று தரம் கட்டாயப்படுத்தவில்லை. நான்காவது, பல செயலிகள் ஒரே கணக்கைப் பங்கிட்டுக்கொள்ளும்போது, பங்கு மாறினால் கூட்டும் வரிசையும் மாறிவிடுகிறது.

நம் நாட்டின் அனுபவம்

இப்பிரச்சினை இந்திய வானிலைக் கணிப்பில் நேரடியாக எழுந்ததொன்றாகும். 1988-இல் தொடங்கப்பெற்ற தேசிய நடுத்தர காலவரை வானிலை முன்னறிவிப்பு மையத்துக்காக அமெரிக்காவிலிருந்து கிரே எக்ஸ்-எம்.பி. 14 என்னும் மாபெரும் கணிப்பொறி தருவிக்கப்பட்டது. அதே காலத்தில் இந்திய நிறுவனங்களும் பல செயலிகளை இணைத்து இயக்கும் கணிப்பொறிகளை அமைத்துக்கொண்டிருந்தன. பெங்களூர் தேசிய விமானவியல் ஆய்வுக்கூடம் 1986-இல் ஃப்ளோசால்வரையும், புணேயிலுள்ள சி-டாக் நிறுவனம் 1991-இல் பரம் 8000-ஐயும் உருவாக்கின. பாபா அணு ஆராய்ச்சி நிலையம் அனுபம் என்னும் கணிப்பொறியை உருவாக்கியது. 1990-களில் அம்மையத்தின் டி-80 எனப்படும் உலகளாவிய வானிலை நிரல் இவ்விந்தியக் கணிப்பொறிகளுக்கும் ஏற்றவாறு அமைக்கப்பட்டது.

கிரே கணிப்பொறி ஐ.இ.இ.இ. தரத்துக்கு முற்பட்ட தன்முறையைக் கையாண்டது. 64 குறிகளில் 48 குறிகளையே அது முக்கிய இலக்கங்களுக்கு ஒதுக்கியது; இது தசம முறையில் ஏறக்குறைய 14 இலக்கங்களுக்குச் சமம். வகுத்தலையும் அது நேராகச் செய்யாமல், தலைகீழ் எண்ணைக் கண்டு பெருக்கிச் செய்தது. இந்தியக் கணிப்பொறிகளின் சில பதிப்புகளில் இடம்பெற்ற இன்டெல் ஐ-860 செயலியோ புதிய தரத்தைப் பின்பற்றி 53 குறிகளை, அதாவது ஏறக்குறைய 16 தசம இலக்கங்களைக் காத்தது. இந்நிலையில் இரு விடைகளும் முற்றும் ஒன்றாக இருக்கும் என எதிர்பார்ப்பதற்கே இடமில்லை. கிரே தந்த விடையே சரியான விடை என்று கொள்வதற்கும் இடமில்லை. அது அயல்நாட்டுப் பெரும்பொறியாயினும் குறைந்த இலக்கங்களையே காத்தது.

இத்தகைய மாற்றம் இன்றும் நிகழ்ந்துவருகிறது. புணேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்திலும் நொய்டாவிலுள்ள முன்னறிவிப்பு மையத்திலும் 2018-இல் பிரத்யுஷ், மிஹிர் ஆகியவை இன்டெல் செயலிகளுடன் நிறுவப்பட்டன. 2024-இல் அவ்விரு நிறுவனங்களுக்கும் ஏ.எம்.டி. செயலிகளைக் கொண்ட அர்கா, அருணிகா ஆகியவை வந்தன. கணிப்பொறி மாறும்தோறும் பழைய விடையும் புதிய விடையும் ஒத்துப்பார்க்கப்பட வேண்டியிருக்கிறது.

எல்லை எவ்வளவு?

முற்றிலும் சமமாக இருக்க வேண்டும் என்று சோதனையை அமைத்தால், குற்றமற்ற வேறுபாடுகளுக்கெல்லாம் அது எச்சரிக்கை எழுப்பும். நாள்தோறும் வீண் எச்சரிக்கையைக் கேட்பவர்கள் உண்மையான எச்சரிக்கையையும் புறக்கணிக்கத் தொடங்குவர். ஆகவே ஓர் அனுமதி வரம்பு வேண்டும். ஆனால் அதனை மனம்போனவாறு தளர்த்துவது அதனினும் தீது.

1994-இல் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி வெளிப்படுத்திய பென்டியம் செயலியின் குறையை இதற்குச் சான்றாகக் கூறலாம். 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.333820449 என்று வரவேண்டும். குறையுள்ள செயலிகள் 1.333739068 என்று விடை தந்தன. வேறுபாடு ஐந்தாம் இலக்கத்திலேயே தொடங்குகிறது. வகுத்தலுக்கு அச்செயலி பயன்படுத்திய அட்டவணையில் சில எண்கள் விடுபட்டதே இதற்குக் காரணம். அந்நிறுவனம் செயலிகளை மாற்றித் தருவதற்கு 475 மில்லியன் டாலரை ஒதுக்க நேர்ந்தது. இங்கு வேறுபாடு விடையின் பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு என்பது கவனிக்கத்தக்கது. “பத்தாயிரத்தில் ஒன்று வேறுபட்டால் பாதகமில்லை” என்று அமைக்கப்பட்ட சோதனையில் இப்பழுதுபட்ட செயலி தடையின்றித் தேறியிருக்கும். ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்கு என வரம்பு வைத்திருந்தால் அது உடனே பிடிபட்டிருக்கும். நியாயமான தோராய வேறுபாடுகளும் எச்சரிக்கையின்றிச் சென்றிருக்கும்.

எனவே வரம்பை ஊகித்து வைத்தலாகாது. கணக்கின் தன்மையிலிருந்து பெற வேண்டும். 64 குறிகள் கொண்ட எண்ணில் ஒரு செயலுக்கு 16-ஆம் இலக்கத்தருகே பிழை நேரலாம். குறைவெண் கலவாத சில ஆயிரம் எண்களைக் கூட்டுவதற்கு, விடையின் ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்கு போதிய வரம்பாகும். விடை சுழியத்தை நெருங்கும் கணக்குகளில் விழுக்காட்டு வரம்பு பயன்படாது. அங்கே அளவுகோலின் நுட்பத்தையொட்டி ஒரு நிலையான சிறு எண்ணை வரம்பாகக் கொள்ள வேண்டும்.

வானிலைக் கணக்கின் தனித்தன்மை

வானிலை நிரலுக்கு இவ்வரம்பும் போதாது. 1961-இல் அமெரிக்க விஞ்ஞானி எட்வர்டு லோரன்ஸ் தம் கணிப்பொறியில் ஒரு கணக்கை இடையிலிருந்து மீண்டும் இயக்கியபோது, 0.506127 என்னும் எண்ணுக்குப் பதிலாக அச்சிடப்பட்டிருந்த 0.506 என்பதையே கொடுத்தார். புதிய விடை முதலில் பழையதை ஒட்டிச் சென்று, பின்னர் படிப்படியாக விலகி, இறுதியில் முற்றிலும் வேறான வானிலையைக் காட்டியது. சிறு வேறுபாடு காலப்போக்கில் பெருகும் இத்தன்மை வளிமண்டலத்துக்கே உரியது.

ஆகவே, பத்தாம் நாளில் இடுக்கியில் எவ்வளவு மழை என்னும் கேள்விக்கு இரு கணிப்பொறிகள் வேறுவேறு விடை கூறினால், அதைக் கொண்டு மட்டும் எதையும் பழிக்க முடியாது. அமெரிக்க வளிமண்டல ஆய்வு மையத்தைச் சேர்ந்த ரோசின்ஸ்கி, வில்லியம்சன் ஆகியோர் 1997-இல் இதற்கு ஒரு நல்ல வழியை வெளியிட்டனர். முதலில் பழைய கணிப்பொறியிலேயே தொடக்க எண்களின் கடைசிக் குறியை மட்டும் வேண்டுமென்றே மாற்றி நிரலை இயக்க வேண்டும். அவ்வேறுபாடு நேரந்தோறும் எவ்வாறு பெருகுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர்ப் புதிய கணிப்பொறியின் விடையைப் பழையதோடு ஒப்பிட வேண்டும். தொடக்கப் படிகளில் வேறுபாடு தோராயமாக்கலின் அளவுக்குள் இருந்து, பின்னர் முன்கண்ட வேகத்துக்கு மிகாமல் பெருகினால், மாற்றம் சரியாக நடந்தது எனக் கொள்ளலாம். முதற்படியிலேயே பெரிய வேறுபாடு தோன்றினாலோ, பெருகும் வேகம் மிகுந்தாலோ நிரலில் பிழை உண்டு என்று தேட வேண்டும்.

கணிப்பொறிகள் ஒத்துப்போவது முன்னறிவிப்பு சரி என்பதற்கு அத்தாட்சியாகாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். டி-80 நிரலின் கட்டங்கள் ஏறக்குறைய 150 கிலோமீட்டர் அகலமுள்ளவை. ஏறக்குறைய 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் அதில் தென்படவே இயலாது. மூணாறும் மறையூரும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். எத்தனை இலக்கங்களைக் காத்தாலும் இக்குறை தீராது. 2025 மே மாதத்தில் தொடங்கப்பட்ட பாரத் முன்னறிவிப்பு முறை 6 கிலோமீட்டர் கட்டங்களைக் கொண்டது. களத்தில் எடுக்கப்படும் மழை அளவுகளோடு ஒப்பிட்டே எந்த முன்னறிவிப்பையும் மதிப்பிட வேண்டும்.

எல்லைக்கோட்டில் நிற்கும் எண்கள்

களப்பணியாளர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய இடம், ஓர் எண்ணைக் கொண்டு முடிவெடுக்கும் இடமாகும். முல்லைப்பெரியாறு அணையில் நீர்மட்டத்தை 142 அடிவரை உயர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014 மே 7 அன்று தீர்ப்பளித்தது. 142 அடி என்பது 43.2816 மீட்டர். இதனை 43.28 மீட்டர் என்று சுருக்கி எழுதி, மற்றோர் அலுவலகத்தில் மீண்டும் அடியாக மாற்றினால் 141.99 அடி வரும். “142 அடியை எட்டியதா?” என்னும் கேள்விக்கு ஓரிடத்தில் “ஆம்”, மற்றோரிடத்தில் “இல்லை” என்று விடை கிடைக்கும். இடுக்கி அணையின் முழுக் கொள்மட்டமான 2403 அடியும் இவ்வாறே, 732.43 மீட்டராகச் சுருக்கித் திருப்பினால் 2402.99 அடியே வருகிறது.

கணிப்பொறிக்குள் இருக்கும் வேறுபாடு இதனினும் மிகச் சிறியது. 43 மீட்டர் அளவில் 64 குறிகள் கொண்ட எண்ணின் கடைசிப் படி, ஓர் அணுவின் விட்டத்தில் ஏறக்குறைய பதினாலாயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே. எந்த நீர்மட்ட அளவுகோலும் இதனை அறியாது. எனினும், “பெரிதா, சமமா” என்று மட்டும் கேட்கும் நிரலுக்கு அணுவின் பகுதியும் ஓர் அடியும் ஒன்றே. 2018 ஆகஸ்டு 9 அன்று இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி மதகு 26 ஆண்டுகளுக்குப்பின் திறக்கப்பட்டது. அத்தகைய நாளில், ஓர் அலுவலகத்தின் கணிப்பொறி எச்சரிக்கை எழுப்பி மற்றொன்று மௌனமாக இருந்தால், எதனை நம்புவது என்னும் வாதத்திலேயே நேரம் கழிந்துவிடும். பெரியாற்றின் கரையில் வாழ்வோருக்கோ ஒவ்வொரு மணி நேரமும் அருமையானது.

இதனைத் தவிர்க்கும் வழிகள் எளியவை. மழையளவை மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்காகவும், நீர்மட்டத்தை அடியின் நூற்றில் ஒரு பங்காகவும் கொண்டு முழு எண்களாகவே சேமித்தால் எல்லாச் செயலிகளும் ஒரே விடையைத் தரும். 25.4 மில்லிமீட்டர் என்பது 254 என்று பதிவாகும். முழு எண்களைக் கூட்டுவதில் தோராயத்துக்கு இடமில்லை. அங்கே ஓர் எண் வேறுபட்டாலும் அது பிழையே. பின்னமாகவே கணக்கிட நேர்ந்தால், அளவுகோலின் நுட்பத்துக்கு ஏற்பச் சுருக்கியபின் எல்லையோடு ஒப்பிட வேண்டும். அளந்த அலகிலேயே மூல அளவைக் காத்து, அலகு மாற்றத்தைக் கடைசியில் ஒரு முறை மட்டும் செய்ய வேண்டும். புதிய கருவியோ நிரலோ வந்தால், எல்லைக்குச் சற்றுக் கீழே, எல்லையிலேயே, சற்று மேலே என மூன்று எண்களைக் கொடுத்துப் பழையதோடு ஒத்துப்பார்ப்பது நன்று. இம்மூன்றிலும் முடிவு ஒன்றாக இருந்தால்தான் அக்கருவியைப் பணிக்கு ஏற்கலாம்.

ஆசிரியர்கள் மூன்று இலக்கக் குறிப்பேட்டை ஒரு பாடவேளையில் செய்து காட்டலாம். தம் ஊர் மழைமானியின் ஒரு மாத அளவுகளை மாணவர்களிடம் கொடுத்து, முதலிலிருந்தும் கடைசியிலிருந்தும் கூட்டச் செய்தால், விடைகள் எங்கே பிரிகின்றன என்பதை அவர்களே கண்டறிவர். எண் எத்தனை இலக்கம் நீண்டிருக்கிறது என்பது வேறு, அதில் எத்தனை இலக்கம் நம்பத்தக்கது என்பது வேறு என்னும் அறிவு இளமையிலேயே வேரூன்றினால், பிற்காலத்தில் அளப்பவராயினும், கணக்கிடுபவராயினும், மதகைத் திறக்க ஆணையிடுபவராயினும் அவர்களுக்கு அது துணைநிற்கும்.